கிம்மோ திமோனென்: அந்தக் கடைசி 34 ஆட்டங்களை ஆடியிருக்க வேண்டுமா?

#1 ஏரிக்கரை

வணக்கம் நண்பர்களே. ஐஸ் ஹாக்கி பற்றி இந்தக் களத்தில் ஆறேழு பேர்தான் பேசுவோம். இருந்தாலும் இரண்டு வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைக் கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கிம்மோ திமோனென், பின்லாந்தின் குவோப்பியோ நகரத்தில் 1975 மார்ச் 18இல் பிறந்த தடுப்பாட்டக்காரர். உயரம் 178 செ.மீ. சாதாரண மனிதருக்கு இது நல்ல உயரம். ஆனால் வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் தடுப்பாட்டக்காரர்கள் நடுவே நின்றால் அண்ணன்களோடு ஆட வந்த தம்பி மாதிரி தெரிவார். 1993இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி அவரை டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்தது 250ஆவது ஆளாக. இன்றைக்கு 32 அணிகள், 7 சுற்று, மொத்தம் 224 பேர். அதாவது இன்றைய முறைப்படி அவரை யாருமே எடுத்திருக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்டவர் 16 சீசன்களில் 1,108 ஆட்டங்கள் ஆடி, 117 கோல், 454 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்கு வழி செய்த பாஸ்) என்று 571 புள்ளிகள் சேர்த்தார். ஒலிம்பிக்கில் நான்கு பதக்கம்: நாகானோ 1998 வெண்கலம், துரின் 2006 வெள்ளி, வான்கூவர் 2010 வெண்கலம், சோச்சி 2014 வெண்கலம்.

இனி என் கேள்வி. 2014 ஆகஸ்டில், 39 வயதில், பின்லாந்தில் இருந்தபோது அவருக்கு வலது காலிலும் இரண்டு நுரையீரல்களிலும் இரத்தக்கட்டி இருப்பது தெரியவந்தது. எல்லாரும் அவர் ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்றார்கள். அவர் மாதக்கணக்கில் காத்திருந்து, மருத்துவர்களின் அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். 2015 பிப்ரவரி 27இல் ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் அவரைச் சிகாகோ பிளாக்ஹாக்ஸுக்கு அனுப்பியது. அங்கே சீசனில் 16, சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றான பிளேஆஃபில் 18 ஆட்டம். ஒரு கோல் இல்லை, ஓர் அசிஸ்ட் இல்லை. ஜூன் 15 அன்று சிகாகோ, என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. கேப்டன் ஜோனத்தன் டேவ்ஸ் கோப்பையை வாங்கியதும் முதலில் நீட்டியது திமோனெனிடம். அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். அதோடு ஓய்வு.

அந்த 34 ஆட்டங்களுக்காக உயிரைப் பணயம் வைத்தது சரியா? எனக்குச் சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.


#2 ஸ்கார்பரோ சுதன்

ஏரிக்கரை அண்ணை, நல்ல கேள்வி. ஆனால் 2015ஐப் பற்றிக் கதைக்க முதல் 2010ஐச் சொல்ல வேணும். அது இல்லாமல் இந்தக் கதை பாதிதான்.

2010 இறுதிச் சுற்று, ஃபிளையர்ஸ் எதிர் சிகாகோ. அந்த வருசம் ஃபிளையர்ஸ் பிளேஆஃபுக்குள் நுழைஞ்சதே சீசனின் கடைசி நாளில், நியூயார்க் ரேஞ்சர்ஸோடு ஷூட்அவுட்டில். பிறகு பொஸ்டனிடம் 0-3 என்று பின்தங்கி, நாலு மட்ச் தொடர்ந்து வென்று மேலே வந்தார்கள். ஏழாவது மட்சிலும் 0-3 என்று பின்தங்கித்தான் 4-3 எண்டு வென்றது. அப்பிடி ஒரு அணி.

இறுதியில் ஆறாவது மட்ச், ஜூன் 9, ஃபிலடெல்ஃபியாவில். தோற்றால் எல்லாம் முடிந்தது. நாலு நிமிசம் இருக்க ஸ்கொட் ஹார்ட்னல் கோல் போட்டு 3-3 ஆக்கினார். மேலதிக நேரம். நாலு நிமிசம் கடந்திருக்கும், இடது பக்கம் சிகாகோவின் பட்ரிக் கேனுக்குப் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) கிடைக்குது. அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர் ஆர் எண்டு நினைக்கிறீங்கள்? எண் 44, திமோனென். கேன் அவரைத் தாண்டி, கோலே விழ முடியாது போலிருந்த ஒரு கோணத்தில் இருந்து அடிச்சார். கோல்காப்பாளர் லெய்ட்டனுக்குக் கீழாலே பக் உள்ளே போய்விட்டது. கோல் எண்டு காட்டும் சிவப்பு விளக்கு எரியவில்லை. பக் எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கேன் மட்டும் கையுறையை எறிந்துவிட்டு மற்றப் பக்கம் ஓடினார், ஏனெனில் அவருக்கு மட்டும்தான் அது கோல் எண்டு தெரிஞ்சிருந்தது.

ஃபிலடெல்ஃபியா மண்ணில், சொந்த ரசிகர் முன்னால், தன்னைத் தாண்டிப் போன ஒரு அடியால் கோப்பையை இழந்தவர் திமோனென். ஐந்து வருசம் கழித்து அதே சிகாகோவின் சட்டையைப் போட்டு, அதே கேனோடு ஒரே பெஞ்சில் இருந்தார். 2015 கடைசி மட்சில் இரண்டாவது கோல் போட்டது கேன்தான்.

இதைத் தெரிஞ்சுகொண்டு பாருங்கோ, டேவ்ஸ் ஏன் முதலில் அவரிடம் குடுத்தார் எண்டு விளங்கும்.


#3 வெண்பனி

சுதன் எழுதியதைப் படித்தபோது எனக்கும் மனது கனத்தது. ஆனாலும் மாற்றுக் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

//அந்த 34 ஆட்டங்களுக்காக உயிரைப் பணயம் வைத்தது சரியா?//

சரியில்லை. இரண்டு காரணம்.

முதலாவது, அந்தக் கோப்பையில் அவர் பங்கு மிகச் சிறியது. பிளேஆஃபில் சிகாகோ ஆடியது 23 ஆட்டம், அவர் இறங்கியது 18. அவற்றிலும் சராசரியாக ஓர் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்கூட அவர் பனியில் இல்லை. பாரத்தைச் சுமந்தவர்கள் மற்றத் தடுப்பாட்டக்காரர்களான கீத், சீப்ரூக், யால்மார்சன், ஒடுயா நால்வரும். டங்கன் கீத் அந்தப் பிளேஆஃபில் 700 நிமிடத்துக்கு மேல் ஆடி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். திமோனென் இல்லாவிட்டாலும் சிகாகோ வென்றிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

இரண்டாவது, அவர் புகழுக்கு இந்தக் கோப்பை தேவையே இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் அணியின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குக் கொடுக்கும் பாரி ஆஷ்பீ விருதை ஐந்து முறை வாங்கியவர். நாஷ்வில்லின் கேப்டன். அந்த வாழ்க்கை முழுமையானது. "கோப்பை இல்லையென்றால் குறை" என்று நாம்தான் சொல்லிச் சொல்லி, 40 வயது மனிதரை நுரையீரலில் கட்டி வந்த பிறகும் ஓட வைக்கிறோம். மூன்று குழந்தைகளின் தகப்பனாரோ, பத்து வயதுப் பையனோ, இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்?


#4 நாடித்துடிப்பு

மருத்துவக் கோணத்தில் சில விஷயங்கள் சொல்கிறேன். பொதுவான தகவல்தான். அவருடைய மருத்துவக் கோப்பு என்னிடம் இல்லை.

கெண்டைக்கால் ஆழ்சிரைகளில் கட்டும் இரத்தம் அங்கேயே கிடந்தால் வலி, வீக்கத்தோடு போகும். அதில் ஒரு துண்டு பிரிந்து இதயம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்தால்தான் ஆபத்து. சில பேர் சில நிமிடத்தில் இறந்துவிடுகிறார்கள். இரண்டு நுரையீரலிலும் கட்டி என்பது விளையாட்டில்லை.

சிகிச்சை என்பது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, குறைந்தது மூன்று மாதம், பலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஆயுளுக்கும். ஐஸ் ஹாக்கிக்காரருக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. மருந்து இருக்கும்போது தலையில் ஓர் அடி பட்டால் மூளைக்குள் இரத்தம் கசிந்து நிற்காது. மருந்தை நிறுத்தினால் மறுபடி கட்டும் அபாயம். ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் பள்ளம். இரண்டுக்கும் நடுவே நடக்க இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் அந்த ஆறு மாதக் காத்திருப்பு.

அவருக்கு இது முதல் தடவையும் இல்லை. 2008 பிளேஆஃபின்போது காலில் பக் பட்ட காயத்தால் இடது கணுக்கால் பக்கம் இரத்தம் கட்டி, பிட்ஸ்பர்க்கோடு நடந்த அரையிறுதித் தொடரின் முதல் நான்கு ஆட்டங்களை அவர் இழந்தார். ஐந்தாவதில் இறங்கினார், அதோடு அணி வெளியேறியது.

இதே காலத்தில் பிட்ஸ்பர்க்கின் பாஸ்கல் டுப்வீக்கும் நுரையீரலில் கட்டி வந்தது. அவரும் திரும்பி வந்து ஆடிப் பார்த்தார். 2015 டிசம்பரில் "போதும்" என்று நிறுத்திக்கொண்டார். அவர் கோழையும் இல்லை, திமோனென் முட்டாளும் இல்லை. வெண்பனி, இதில் ஒரே சரியான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.


#5 வைகைக்கரையான்

இழைக்குள் புதிதாக வருகிறேன். எனக்குக் கால்பந்து தெரியும், ஃபீல்டு ஹாக்கி தெரியும், ஐஸ் ஹாக்கி தெரியாது. ஒரு சந்தேகம். தடுப்பாட்டக்காரருக்குப் புள்ளிக் கணக்கு எதற்கு? கோல் விழாமல் பார்ப்பதுதானே அவர் வேலை? 454 அசிஸ்ட் எப்படி வந்தது? இன்னொன்று, குள்ளமானவர் என்கிறீர்கள். மோதி விழும் ஆட்டத்தில் குள்ளமானவர் 1,108 ஆட்டம் எப்படித் தாக்குப்பிடித்தார்?

யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றி.


#6 ஸ்கார்பரோ சுதன்

ஓம், கட்டாயம் சொல்லுறன். இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தது.

ஒரு அணியில் ஆறு தடுப்பாட்டக்காரர், மூன்று சோடி. ஒரு சோடி முக்கால் நிமிசம் போல ஆடிவிட்டு வெளியே வரும், அடுத்த சோடி போகும். மொத்தம் 60 நிமிசத்தில் முதல் சோடி 22, 25 நிமிசம் வரை நிற்கும். ஃபிளையர்ஸில் திமோனெனுக்கு 20 நிமிசத்துக்கு மேல் சர்வசாதாரணம்.

அவருடைய முதல் வேலை, எதிரி பக்கோடு வேகமாக வரும்போது பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே இடைவெளியைச் சரியாக வைத்திருப்பது. கிட்டப் போனால் கேன் மாதிரி ஆள் சுற்றிப் போய்விடுவான். எட்ட நின்றால் அடிக்க இடம் கிடைச்சுவிடும். பெரிய உடம்புக்காரர் இதில் பிழைவிட்டாலும் கையை நீட்டி, தோளால் இடிச்சுச் சமாளிக்கலாம். திமோனெனுக்கு அந்த வசதி இல்லை. அதனாலே அவர் பிழையே விடாத இடத்தில் நிற்கப் பழகினார். ஸ்டிக்கை எதிரியின் பாஸ் போகும் வழியில் முன்கூட்டியே வைச்சிருப்பார். அவர் ஆளை இடிக்கிறதைப் பார்க்கிறது அரிது. பக் அவரிடம் தானாக வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது, முதல் பாஸ். பக்கைப் பறித்ததும், இரண்டு பேர் மேலே விழ வருமுன், நாற்பது அடிக்கு அங்காலே ஓடுகிறவனின் ஸ்டிக்கில் தட்டையாகப் போய்ச் சேர வேணும். உங்கட 454க்குப் பாதி விடை இது.

மற்றப் பாதி பவர் பிளே. எதிரணியில் ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவர் இவர். அடிப்பதா, குடுப்பதா, பிடிச்சு வைச்சிருப்பதா என்ற முடிவு எல்லாம் அவர் கையில்.

இன்னும் ஒண்டு சொல்ல வேணும், இது ஆரும் பெரிசாகக் கதைக்கிறதில்லை. 2005 வரைக்கும் என்.எச்.எல்.லில் இரண்டு கோட்டைத் தாண்டிப் பாஸ் குடுக்க ஏலாது. கொழுவிப் பிடிக்கிறதையும் நடுவர்கள் அதிகம் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு சீசன் முழுக்க நடக்காமல் போன அந்தக் கதவடைப்புக்குப் பிறகு இரண்டையும் மாத்தினார்கள். பலசாலிகளின் ஆட்டம் பாஸ் தெரிந்தவனின் ஆட்டமாக மாறியது. திமோனென் 2005-06இல் 50 புள்ளி, 2006-07இல் 55 புள்ளி. அவருடைய வாழ்க்கையிலேயே உச்சம் அந்த 55. அப்போது வயது 31, 32. அவர் வளர்ந்தது போதாதெண்டு ஆட்டமும் அவரை நோக்கி வந்து சேர்ந்தது.


#7 வைகைக்கரையான்

//பக் அவரிடம் தானாக வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்//

இந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது. நன்றி சுதன். கால்பந்தில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பவருக்குத்தான் கைதட்டல், விழவே தேவையில்லாத இடத்தில் நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை.

டிராஃப்டில் 250ஆவதாக எடுத்த லாஸ் ஏஞ்சலஸ் என்ன ஆயிற்று? அங்கே ஆடவில்லையா?


#8 ஏரிக்கரை

ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்தக் கதையும் சொல்ல வேண்டியதுதான்.

டிராஃப்டுக்குப் பிறகும் அவர் பின்லாந்திலேயே இருந்தார். தொடங்கியது சொந்த ஊர்க் கிளப்பான கல்பாவில், பிறகு துர்க்கு நகரத்தின் டி.பி.எஸ்., பிறகு ஹெல்சிங்கியின் எச்.ஐ.எஃப்.கே. டி.பி.எஸ்.ஸோடு 1995இலும் எச்.ஐ.எஃப்.கே.யோடு 1998இலும் பின்லாந்துச் சாம்பியன். 1998 பிப்ரவரியில் நாகானோ ஒலிம்பிக்கில் கனடாவைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கிய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு 22 வயது.

அந்த வருடம் நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் என்ற புது அணி உருவானது. புது அணிக்கு ஆள் வேண்டும் என்பதால், பழைய அணிகள் பாதுகாத்து வைத்த பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களை அது எடுத்துக்கொள்ளலாம். கிங்ஸுக்கு கேரி கேலி என்ற அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரரை விட மனமில்லை. "கேலியைத் தொடாதீர்கள், பதிலுக்கு இந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று யான் வோபாட்டையும் திமோனெனையும் கொடுத்தார்கள். கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்களே, அது மாதிரி. அந்த மிட்டாய் நாஷ்வில்லுக்கு 573 ஆட்டம் ஆடியது.

அங்கேயும் நேராக மேலே ஏறவில்லை. முதல் சீசனின் ஒரு பகுதியை மில்வாக்கியில், கீழ் லீகில் ஆடினார். 2006இல் கேப்டன். அவர் கேப்டனாக இருந்த 2006-07 சீசனில் நாஷ்வில் லீக் அட்டவணையில் 110 புள்ளி எடுத்தது. ஆனால் முதல் சுற்றிலேயே சான் ஹோசேயிடம் தோற்றது. உரிமையாளர் அணியை விற்கப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், சம்பளச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜூனில் திமோனெனையும் ஹார்ட்னலையும், ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரே ஒரு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புக்கு ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பும் சில மாதம் முன்பு ஃபோர்ஸ்பெரி என்ற ஆட்டக்காரருக்காக ஃபிலடெல்ஃபியாவிடம் நாஷ்வில்லே கொடுத்த சொந்த வாய்ப்புதான்.

ஃபிளையர்ஸ் அவருக்கு ஆறு வருடத்துக்கு 3 கோடியே 78 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த அணி அதற்கு முந்தைய சீசனில் லீகிலேயே கடைசி. அடுத்த வருடம் அரையிறுதி. எல்லாம் இவரால் என்று சொல்ல மாட்டேன், பிரியேர் வந்தார், ஹார்ட்னல் வந்தார். ஆனால் தடுப்பு வரிசை நிமிர்ந்து நின்றது இவரால்.


#9 வெண்பனி

இவ்வளவு சொன்ன பிறகு நீங்களே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறீர்கள் ஏரிக்கரை. இத்தனை செய்தவருக்குக் கோப்பை எதற்கு?

இன்னொரு பின்லாந்துத் தடுப்பாட்டக்காரர் தெப்போ நும்மினெனைப் பாருங்கள். பின்லாந்தில் உங்கள் ஊரான தம்பெரேக்காரர். வின்னிபெக், ஃபீனிக்ஸ், டல்லாஸ், பஃபலோ என்று 1,372 ஆட்டம். ஒரு கோப்பையும் இல்லை. பின்லாந்தில் யாராவது அவரைக் குறைவாகப் பேசுகிறார்களா?


#10 ஏரிக்கரை

பேசுவதில்லை, பேசவும் கூடாது. என்னைக் கேட்டால் நும்மினென்தான் பெரிய ஆட்டக்காரர். இதில் உங்களோடு சண்டை இல்லை.

ஒரு விஷயம் தெரியுமா? நும்மினென் அடித்த கோல்களும் 117, திமோனென் அடித்ததும் 117. 264 ஆட்ட வித்தியாசம் இருந்தும் அதே எண். இதைக் கண்டுபிடித்த அன்று வேலையில் ஒன்றும் ஓடவில்லை எனக்கு.

ஆனால் நும்மினெனை எடுத்துக்காட்டாகச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது வெண்பனி. 2007இல் அவருக்கு இதய வால்வில் அறுவை சிகிச்சை நடந்தது. வயது 39. 2007-08 சீசனில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆட முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 2008-09இல் மறுபடி இறங்கி ஆடிவிட்டுத்தான் விடைபெற்றார். கோப்பை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காக என்று சொல்ல முடியாது, அந்த பஃபலோ அணி அந்த வருடம் பிளேஆஃபுக்கே போகவில்லை.

அதனால் "கோப்பை ஆசைதான் ஓட வைத்தது" என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. இருபது வருடம் தினமும் செய்த ஒரு வேலையை மருத்துவமனைப் படுக்கையில் வைத்து விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. எப்போது முடிப்பது என்பதைத் தாங்களே முடிவு செய்ய நினைத்தார்கள். அது பனியில் நின்று முடிக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.


#11 நாடித்துடிப்பு

ஏரிக்கரை சொன்ன கடைசி வரியில் என் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

அவருக்கு 58 வயதில் நுரையீரலில் இரத்தக்கட்டி. முதலில் பார்த்த இடத்தில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மூச்சு வாங்கியபோதுதான் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்க் கண்டுபிடித்தோம். பிழைத்தார். ஆனால் ஆறு மாதம் அவரை நாங்கள் எல்லாரும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தோம். மாடிப்படி ஏறாதே, சைக்கிள் தொடாதே. அவர் தறி ஓட்டியவர். ஒரு நாள் எங்களுக்குத் தெரியாமல் போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதார். அப்பா சொன்னார்: "உயிரோட இருக்கேன்னு இப்பத்தான் தெரியுது."

மருத்துவராக நான் அவரைத் தடுத்திருப்பேன். மகனாக அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவன் நான்.

திமோனென் காத்திருந்து, மருத்துவர்கள் ஆடலாம் என்று சொன்ன பிறகுதான் வந்தார் என்பது எனக்கு முக்கியம். அது குருட்டுத் துணிச்சல் அல்ல. அதே சமயம் அபாயம் சுத்தமாக இல்லை என்று எந்த மருத்துவரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.


#12 ஸ்கார்பரோ சுதன்

நாடித்துடிப்பு அண்ணை, நன்றி. வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுத ஏலாமல் இருந்தது.

வெண்பனிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு.

//திமோனென் இல்லாவிட்டாலும் சிகாகோ வென்றிருக்கும்//

மினசோட்டாவோடு இரண்டாம் சுற்றில் சிகாகோவின் இன்னொரு தடுப்பாட்டக்காரர் ரோஸிவலின் கணுக்கால் முறிஞ்சது. அதோட மூன்றாவது சோடிக்கு ஆளே இல்லை. திமோனென், ரண்ட்பிளாட், கமிஸ்கி, வான் ரீம்ஸ்டைக் எண்டு மாறி மாறிப் போட்டார்கள். கீத் 700 நிமிசம் ஆடினார் எண்டால், அவர் பெஞ்சில் இருந்து மூச்சுவிட்ட ஒவ்வொரு நிமிசமும் அங்கே ஆரோ நிற்க வேணும். அந்த எட்டு, ஒன்பது நிமிசத்தில் கோல் விழாமல் இருந்தால் போதும், வேறை ஒண்டும் வேண்டாம். அனாஹைமோடு ஏழு மட்ச், அதில் மேலதிக நேரம் எத்தனை! கீத் விழுந்து போகாமல் இருந்ததுக்கு அந்த மூன்றாவது சோடியும் ஒரு காரணம்.

அவர் அப்போது பழைய திமோனென் இல்லை, அதை நான் மறைக்கவில்லை. வேகம் போயிருந்தது. சில மட்சில் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் 1,100 மட்ச் ஆடின ஒரு மனுசன், 20 நிமிசம் ஆடிப் பழகினவர், "எட்டு நிமிசம்தான்" எண்டதுக்குத் தலையாட்டி, சில மட்சில் வெளியே இருக்கச் சொன்னதுக்கும் முகம் சுளிக்காமல் இருந்தார். அதுவும் பங்குதான்.


#13 வெண்பனி

சரி. கீத் மூச்சுவிட்ட நிமிடங்கள் என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை. "மிகச் சிறியது" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சிறியது, ஆனால் தேவைப்பட்டது.

நாடித்துடிப்பு எழுதியது என்னை அசைத்துவிட்டது. ஆனாலும் ஆடியிருக்க வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. உங்கள் அப்பா தறியில் உட்கார்ந்தபோது யாரும் 50 கி.மீ. வேகத்தில் வந்து அவரை இடிக்கவில்லை. திமோனெனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த இழையில் நாம் எல்லாருமே "யார் அனுமதித்தது?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். நல்லபடியாக முடிந்ததால் அது நல்ல முடிவு ஆகிவிடாது.

இன்னொன்று கேட்கிறேன், ஏரிக்கரைக்குத் தெரிந்திருக்கும். அவரும் இன்னொரு பின்லாந்து ஆட்டக்காரரான சாமி காப்பனெனும் சேர்ந்து கல்பாவை வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?


#14 ஏரிக்கரை

உண்மை. என்னைக் கேட்டால் கோப்பையைவிட எனக்குப் பிடித்த பகுதி இது.

கல்பா 1929இல் சொர்தவாலா என்ற ஊரில் தொடங்கிய கிளப். போருக்குப் பிறகு அந்த ஊர் சோவியத் ஒன்றியத்தோடு போய்விட்டது. ஊரை இழந்த மக்களோடு கிளப்பும் இடம்பெயர்ந்து குவோப்பியோவுக்கு வந்தது. அங்கே வளர்ந்த பையன்கள்தான் திமோனெனும் காப்பனெனும், இரண்டு வயது வித்தியாசம். 1999இல் கல்பா மேல் லீகிலிருந்து கீழே விழுந்தது. இவர்கள் இருவரும் அப்போது அமெரிக்காவில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள். கிளப் நலிந்து கிடந்த காலத்தில் அதில் பணம் போட்டுப் பங்குதாரர் ஆனார்கள்.

பிறகு 2004-05இல் என்.எச்.எல். முழு சீசனும் நின்றபோது மற்றவர்கள் பெரிய லீகுகளுக்குப் போனார்கள். திமோனெனும் சுவிஸ், சுவீடன் அணிகளில் கொஞ்ச காலம் ஆடினார். ஆனால் அந்தப் பருவத்தில் அவரும் காப்பனெனும் பின்லாந்தின் இரண்டாம் நிலை லீகில், சொந்த ஊர் கல்பாவுக்கும் இறங்கி ஆடினார்கள். உலகக் கோப்பையின் சிறந்த அணியில் அந்த இலையுதிர்காலத்தில்தான் இடம்பிடித்திருந்தார் திமோனென். அப்படிப்பட்டவர் அதே பருவத்தில் சிறு ஊர் ரிங்குகளில் (ஐஸ் ஹாக்கி அரங்குகளில்)! 2005இல் கல்பா மேல் லீகுக்கு ஏறியது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

நான் ஒரு முறை குவோப்பியோ போயிருக்கிறேன். கல்பாவின் ரிங்கை ஊரில் "நிய்ராலா பள்ளம்" என்று பொருள்படும் பெயரில் கூப்பிடுகிறார்கள். பெரிய கட்டடம் இல்லை. மீனை உள்ளே வைத்துச் சுட்ட கலாகுக்கோ ரொட்டியைச் சந்தையில் வாங்கிக்கொண்டு அங்கே போய் வெளியில் நின்று பார்த்தேன், மைனஸ் 18 டிகிரி. குட்டிப் பையன்கள் தங்கள் உயரத்துக்கு ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு அப்பா கையைப் பிடித்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

வெண்பனி, பத்து வயதுப் பையன் என்ன கற்றுக்கொள்வான் என்று கேட்டீர்களே. அந்த ஊர்ப் பையனுக்கு அவர் கோப்பை வென்றவர் மட்டும் இல்லை. அவன் ஆடும் ரிங்கின் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர்.


#15 வெண்பனி

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருக்கவும் வேண்டாம். இந்தப் பகுதியை நீங்கள் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.


#16 வைகைக்கரையான்

மூன்று நாளாக இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. திமோனெனை மட்டும் பார்ப்பதற்காக ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கட்டும்? 2015 கடைசி ஆட்டமா?


#17 ஸ்கார்பரோ சுதன்

2015 வேண்டாம். அதில் அவரைத் தேட வேண்டியிருக்கும். கோப்பை குடுக்கும் காட்சியை மட்டும் பாருங்கோ. என்னைக் கேட்டால் 2010 பொஸ்டனோடு ஏழாவது மட்ச்.


#18 ஏரிக்கரை

நான் 2006 துரின் ஒலிம்பிக் இறுதியைச் சொல்வேன். பின்லாந்து எதிர் சுவீடன்.

அந்தத் தொடரில் இறுதிக்கு வரும்வரை பின்லாந்து ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, அரையிறுதியில் ரஷ்யாவை 4-0 என்று அடித்தது. நும்மினெனும் திமோனெனும் ஒரே அணியில். இறுதியின் முதல் கோல் திமோனெனுடையது, பவர் பிளேயில். அதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சுவீடன் 2-1 ஆக்கும், பின்லாந்தின் வில்லே பெல்த்தோனென் 2-2 ஆக்குவார். மூன்றாம் பகுதி தொடங்கும்போது நடுவில் பக்கை எடுக்கப் போகும் பின்லாந்தின் சாக்கு கொய்வுவின் ஸ்டிக் உடையும். அவர் புது ஸ்டிக் எடுக்கப் போவதற்குள், பத்தாவது வினாடியில், சுவீடனின் லிட்ஸ்ட்ரோம் அடிப்பார். 3-2.

அதற்குப் பிறகு மீதி இருக்கும் கிட்டத்தட்ட இருபது நிமிடத்தில், சுதன் சொன்னதை வைத்துக்கொண்டு எண் 44ஐ மட்டும் பாருங்கள். பக் எங்கே போனாலும் விட்டுவிடுங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கேயே எழுதுங்கள்.


#19 வைகைக்கரையான்

பார்த்தேன். முதல் தடவை பக்கைத்தான் பார்த்தேன், கண் தானாக அதன் பின்னாலேயே போகிறது. இரண்டாம் தடவை மூன்றாம் பகுதியை மட்டும் ஓட்டி, நீங்கள் சொன்ன மாதிரி 44ஐ மட்டும் பார்த்தேன்.

நாளை மூன்றாம் தடவை. இந்த முறை என் பையனும் கூட உட்காருகிறான்.